வண்டலூர் ஜூ ரிவ்யூ: நடந்து பாருங்க, வண்டில சுத்திட்டு வந்துடாதீங்க

முதல்லயே ரிசல்ட்ட சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இத மட்டும் படிச்சிட்டு கிளம்பலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். போன அந்த ஒரு ஸ்டாரும் பாக்க வர்ற ஜனங்களாலதான் போச்சு, அத கீழ சொல்றேன். நான் தாம்பரம் பக்கம், கல்யாணத்துக்கு முன்னாடியும் இதே ஏரியா பின்னாடியும் இதே ஏரியா, அதனால ஊர்லருந்து யார் குழந்தைங்களோட வந்தாலும் "ஜூவுக்கு நீதான் கூட்டிட்டு போகணும்"னு என் தலைல கட்டிடுவாங்க. அப்படி போய் போய் எனக்குன்னு ஒரு ரூட்டு, ஒரு டைமிங், சில பிடிவாதம் எல்லாம் சேந்துடுச்சு. அது போக சித்தி வீடு கோத்தகிரில இருக்கு, லீவுன்னா அங்கதான், அங்க கூண்டும் கிடையாது அகழியும் கிடையாது, மிருகங்க வர்ற வழில நாம நின்னா நாமதான் ஒதுங்கணும். ரெண்டையும் பாத்தவ எழுதற ரிவ்யூன்னு வச்சுக்கோங்க.

எங்க பாட்டி கடைசி வரைக்கும் ஜூன்னு வாயால சொன்னதில்ல, உயிர் காலேஜ்தான், எக்மோர் மியூசியம் அவங்களுக்கு செத்த காலேஜ். அவங்க பாத்தது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல மூர் மார்க்கெட் ஒட்டி இருந்த பழைய ஜூ. அது 1855ல ஆரம்பிச்சது, மியூசியத்த பாத்துக்கிட்டிருந்த எட்வர்ட் பால்ஃபர்னு ஒரு டாக்டர் மியூசியத்துலயே மிருகங்கள வச்சு ஆரம்பிச்சாரு, கர்நாடக நவாப் தன்கிட்ட இருந்தத குடுத்தாரு, கூட்டம் தாங்கலன்னு கொஞ்ச வருஷத்துல பீப்பிள்ஸ் பார்க்குக்கு கொண்டு போயிட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல அங்கயே ஓடுச்சு. பாட்டி சொல்ற எல்லா கதைலயும் புலி கம்பிக்கு பின்னாடி நாலடி நடக்கும் திரும்பும், நாலடி நடக்கும் திரும்பும், அவ்ளோதான் அதோட வேலை. சுத்தி வண்டி சத்தம், ரயில் சத்தம்.

1985 ஜூலைல எம்ஜிஆர் வண்டலூர திறந்து வச்சாரு. 602 ஹெக்டேர், ஏக்கர்ல சொன்னா 1490 கிட்ட வரும். இந்த சைஸ் எதுக்கு சொல்றேன்னா வண்டலூரோட மொத்த குணமும் அதுலதான் இருக்கு. இது ஏற்கனவே இருந்த காப்புக்காட்டுக்குள்ள கட்டின ஜூ, அதனால நீங்க ஒரு கூண்டுலருந்து அடுத்த கூண்டுக்கு போற வழியும் காடுதான், முள்ளு புதர், வேப்பமரம், கரையான் புத்து, நடுவுல திடீர்னு ஒரு கீரிப்பிள்ளை ரோட்ட கிராஸ் பண்ணி ஓடும். பெரிய மிருகங்களுக்கு கம்பி பெருசா இல்ல, அகழி வெட்டி அந்தப்பக்கம் விட்டிருக்காங்க, மரம் நிழல் தண்ணித்தொட்டி எல்லாம் உள்ளயே. மிருகத்துக்கு நல்லது. பாக்க வர்றவங்களுக்கு அது ஒளிஞ்சுக்க இடம் இருக்கறதால கொஞ்சம் கடுப்பு. "ஒண்ணுமே இல்லப்பா, காலி கூண்டு"ன்னு திட்டிட்டு போறவங்கள ஒவ்வொரு தடவையும் பாக்கறேன், அந்த காலி கூண்டுலதான் அந்த மூலைல மூங்கிலுக்கு அடில சிறுத்தை படுத்திருக்கும், வால் நுனி மட்டும் ஆடும்.

அதனாலதான் தலைப்புல நடந்து பாருங்கன்னு போட்டேன். பேட்டரி வண்டி இருக்கு, வயசானவங்களுக்கு முட்டி வலிக்காரங்களுக்கு அது வரப்பிரசாதம், எங்க மாமியார அதுலதான் ஏத்தி விடுவேன், குறையே சொல்ல மாட்டேன். ஆனா கால் நல்லா இருக்கறவங்க அதுல ஏறி ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச நேரம் நின்னு, போட்டோ எடுத்து, அடுத்தது அடுத்ததுன்னு ஓடினா வீட்டுக்கு வந்து என்ன பாத்தீங்கன்னு கேட்டா "புலி தூங்குச்சு, சிங்கம் தூங்குச்சு, நீர்யானை தண்ணிக்குள்ள இருந்துச்சு"ன்னுதான் சொல்லுவீங்க. சைக்கிள் வாடகைக்கு கிடைச்சா எடுத்துக்கோங்க, சில நேரம் இருக்கும். நடந்தீங்கன்னா எல்லாத்தையும் பாக்க முடியாது, அத மனசுல முடிவு பண்ணிட்டு உள்ள போங்க. எனக்கு ஒரு நாளைக்கு நாலஞ்சு இடம் போதும், ஒவ்வொரு இடத்துலயும் அரை மணி உக்காருவேன், கூட வந்தவங்க என்ன திட்டுவாங்க, பரவால்ல.

டைமிங் பத்தி சொல்லணும். கதவு திறந்த உடனே உள்ள போயிடணும், அப்படி முடியலன்னா மூணு மணிக்கு மேல. மதியம் பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் சென்னை வெயில்ல மனுஷனே நிழல் தேடறான், புலி மட்டும் நமக்காக வெளில வந்து கர்ஜிக்கணுமா. டிசம்பர் ஜனவரி அருமை. ஏப்ரல் மேல போனா வேற ஒரு விஷயம் பாக்கலாம், யானைக்கு ஷவர் போடுவாங்க, கரடிக்கு தர்பூசணி குடுப்பாங்க, குழந்தைங்க குஷியாயிடும், ஆனா நீங்க வெந்துடுவீங்க. சாயங்காலம் மிருகங்கள ராத்திரி அடைக்கிற இடத்துக்கு கூப்பிடற நேரம் இருக்கு பாருங்க, அதுக்கு கொஞ்சம் முன்னாடி புலி சிறுத்தை எல்லாம் எழுந்து நடமாட ஆரம்பிக்கும், சாப்பாட்டு நேரம் அதுங்களுக்கு தெரியும். அந்த நேரத்துல நல்ல இடமா பாத்து நின்னா போதும்.

வெள்ளைப் புலி முன்னாடி எப்பவும் கூட்டம், செல்ஃபி எடுக்க சண்டையே வரும். எனக்கு அதுல ஒரு நெருடல் உண்டு. வெள்ளைப் புலி தனி இனம் எல்லாம் இல்ல, சாதாரண வங்கப் புலிதான், ஒரு மரபணு சேர்மானத்துல வெளுத்து பிறக்கும். இன்னிக்கு உலகம் பூரா ஜூக்கள்ல இருக்கற வெள்ளைப் புலிங்க பெரும்பாலும் 1951ல ரீவா மகாராஜா காட்டுல பிடிச்ச மோகன்ங்கற ஒரே குட்டியோட வம்சம். சொந்தத்துக்குள்ளயே சேத்து சேத்து வளத்ததால மாறுகண்ணு, வேற வேற உடம்பு கோளாறு எல்லாம் அந்த வம்சத்துல வந்துடுச்சு. பாக்க அழகுதான், இல்லன்னு சொல்லல, ஆனா பக்கத்துல ஆரஞ்சு புலி யாரும் சீண்டாம நடந்துட்டிருக்கும், அதான் நம்ம சத்தியமங்கலத்துலயும் முதுமலைலயும் நிஜமா இருக்கற புலி. அதுகிட்ட போய் நில்லுங்க, இடமும் தாராளமா இருக்கும்.

என் ஃபேவரிட் எதுன்னு கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, காட்டெருமை. வண்டலூர்ல காட்டெருமை நல்லா குட்டி போட்டு பெருகியிருக்கு, பெரிய கூட்டமா நிக்கும், ஜனங்க "மாடு"ன்னு ஒரு லுக்கு விட்டுட்டு நகந்துடுவாங்க. மாடா அது! கோத்தகிரில ஒரு காலைல, பனி இன்னும் விலகல, பால் வாங்க நானும் சித்தப்பாவும் தேயிலை தோட்டத்து ஓரமா நடந்து போறோம், வளைவு திரும்பினா நடு ரோட்டுல ஒண்ணு நிக்குது. ஒத்தைக் கிடா. முதுகு என் தலைக்கு மேல, உடம்பு கருகருன்னு, நாலு காலும் முட்டிக்கு கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. ஒரு டன்னு வரைக்கும் எடை வரும் அதுக்கு. மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு, மூக்குலருந்து புகையா வருது. சித்தப்பா ஒரு வார்த்த சத்தமா பேசல, என் கைய பிடிச்சுக்கிட்டு "ஓடக்கூடாதும்மா, திரும்பாத, அப்படியே பின்னாடி காலு வை"ன்னு மெதுவா சொல்றாரு. அது தலைய சாச்சு ஒரு பக்கமா உடம்ப காட்டிச்சு, நான் இவ்ளோ பெருசு பாத்துக்கோன்னு சொல்றதுதானாம் அது, அப்புறம் தான் தெரிஞ்சுது. நாங்க பின்னாடி போக போக அது நின்ன இடத்துலயே நின்னுச்சு, அப்புறம் ரொம்ப சாவகாசமா மேட்டுல ஏறி தேயிலைக்குள்ள போயிடுச்சு. அவ்ளோ பெரிய உடம்பு அந்த செடிக்குள்ள எப்படி மறஞ்சுதுன்னே தெரியல. நீலகிரில இது ஒண்ணும் அதிசயம் இல்ல, குன்னூர் கோத்தகிரி பக்கம் வீட்டு கேட்டு வரைக்கும் வரும், முட்டி செத்தவங்களும் இருக்காங்க, அதனால யாரும் கிட்ட போய் வீடியோ எடுத்து வீரம் காட்டாதீங்க.

அதுக்கப்புறம் வண்டலூர்ல அந்த கூட்டத்த பாக்கறது எனக்கு வேற விஷயமாயிடுச்சு. ரோட்டுல பாத்தப்போ நான் பாத்தது பயத்த மட்டும்தான், மிருகத்த சரியா பாக்கவே இல்ல. இங்க நிதானமா உக்காந்து பாக்க முடியுது, எது மூத்த பசு, எதுக்கு எது வழி விடுது, கன்னுக்குட்டி பொறந்தப்ப செம்பழுப்பா இருந்து எப்படி கறுக்குது, கிடாக்கள் ரெண்டும் முட்டிக்காமலேயே பக்கவாட்டுல காட்டி காட்டி எப்படி சண்டைய முடிச்சுக்குது. ஜூன்னா என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான்.

கரடியும் அப்படித்தான். கோத்தகிரில கரடி ராத்திரில வந்து கோயில் விளக்குல இருக்கற எண்ணெய குடிச்சிட்டு போகும், பேக்கரி கதவ உடைக்கும், சித்தி வீட்டுல பலாப்பழத்த பழுக்கறதுக்கு முன்னாடியே இறக்கிடுவாங்க. ஒரு தடவ பின்கட்டுல உர்ருன்னு உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு, யாரும் கதவ திறக்கல, காலைல பாத்தா மண்ணுல நகம் பதிஞ்ச தடம், கையகலம். அந்த உறிஞ்சற சத்தம் எங்கருந்து வருதுன்னு வண்டலூர் வந்துதான் எனக்கு புரிஞ்சுது. கரடிக்கு மேல்தாடைல முன்பல்லு ரெண்டு இருக்காது, அந்த இடைவெளி வழியா கரையான உறிஞ்சி இழுக்கும். அது மண்ண நோண்டி வாய வச்சு இழுக்கறத பகல்ல, பத்திரமா, தெளிவா பாத்தேன். பசங்களுக்கு காட்டினா அன்னிக்கு பூரா வீட்டுல எல்லா சாப்பாட்டையும் உறிஞ்சிட்டுதான் சாப்பிட்டாங்க, அது வேற தலைவலி.

குரங்கு மேட்டர். சிங்கவால் குரங்கு, கருமந்தி ரெண்டையும் இங்க கண்டிப்பா பாருங்க, மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா இதுங்க காட்டுல வேற எங்கயும் கிடையாது. வால்பாறை போனீங்கன்னா புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டோரமே உக்காந்திருக்கும், வீட்டு ஓட்டு மேல ஓடும், காடு துண்டு துண்டா போனதால ரோட்ட தாண்ட வேண்டிய நிலைமை, அதுங்க வண்டில அடிபடாம இருக்க மரத்துக்கு மரம் தீயணைப்பு ஹோஸ்பைப்பால பாலம் கட்டி விட்டிருக்காங்க, அது மேல குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு போறத பாக்கணும். வண்டலூர்ல கூண்டுக்கு வெளில திரியற சாதா குரங்குங்கதான் டேஞ்சர். அதுங்க ஜூவோட குரங்கு இல்ல, காட்டோட குரங்கு, டிக்கெட் வாங்காம வந்து போகும். கைல சிப்ஸ் பாக்கெட் இருந்துச்சா, போச்சு. எங்க நாத்தனார் பையன் கைலருந்து ஒண்ணு பிஸ்கட்ட பிடுங்கி, கவர பல்லால கிழிச்சு, அவன் கண்ணு முன்னாடியே சாப்பிட்டுச்சு, அவன் அழுததுல பாதி பயம் பாதி பிஸ்கட். பையோட ஜிப் திறக்க தெரிஞ்ச குரங்குங்க அதுங்க.

லயன் சஃபாரி பத்தி எல்லாரும் கேப்பீங்க. கொரோனாவுக்கு அப்புறம் ரொம்ப நாள் மூடி கிடந்து திரும்ப ஆரம்பிச்சாங்க, போற அன்னிக்கு வண்டி ஓடுதான்னு கவுண்டர்லயே கேட்டுட்டு டிக்கெட் வாங்குங்க. கம்பி போட்ட வண்டில உக்காந்து சிங்கம் இருக்கற இடத்துக்குள்ள ஒரு சுத்து. குழந்தைங்களுக்கு செம. எனக்கு ஓகே ரகம், பெரும்பாலும் மரத்தடில படுத்திருக்கும், வண்டி சத்தத்துக்கு காது மட்டும் அசையும். சிங்கத்த பாக்கறத விட கேக்கறதுதான் பெருசு. நெடுங்குன்றம் பக்கம் என் ஃப்ரெண்டு வீடு, விடிகாலைல மொட்டைமாடில நின்னா கர்ஜனை கேக்கும், சிங்கத்தோட குரல் எட்டு கிலோமீட்டர் வரைக்கும் போகும்னு சொல்றது சும்மா இல்ல. அங்க இருக்கறவங்களுக்கு அது பழகிப்போச்சு, குக்கர் வைக்கற நேரம்னு எழுந்துடுவாங்க.

அந்த சிங்கங்களுக்குதான் 2021ல கொரோனா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஜூன் 3ம் தேதி நீலான்னு ஒரு பெண் சிங்கம் செத்துப்போச்சு, அதே மாசம் இன்னொரு ஆண் சிங்கமும். போபால் லேப்ல பாத்து டெல்டா வகைன்னு சொன்னாங்க. நாமளே ஆக்சிஜனுக்கு அலைஞ்ச நேரம், இருந்தாலும் அந்த செய்தி எங்க தெருவுல எல்லாரையும் ஒரு மாதிரி பண்ணிடுச்சு, எங்க பக்கத்து வீட்டு அக்கா "வீட்டுக்குள்ளயே இருந்ததுக்கு கூடவா வரும்"னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி 2016 டிசம்பர்ல வர்தா புயல். ஜூக்குள்ள ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுது, ரொம்ப நாள் மூடியே வச்சிருந்தாங்க. புயலுக்கு முன்னாடி பாத்தவங்களுக்குதான் தெரியும், சில பாதை அப்போ கூரை போட்ட மாதிரி இருட்டா இருந்துச்சு. இப்போ திரும்ப வச்ச மரங்கள் வளந்துட்டு வருது, வெயிலுக்கு ஒரு தொப்பி எடுத்துட்டு போயிடுங்க.

ஓட்டேரி ஏரிய யாரும் கண்டுக்கறதில்ல. ஜூக்குள்ளயே இருக்கற ஏரி, மழை நல்லா பேஞ்ச வருஷம்னா மார்கழி தைல நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம்னு மரத்துல இடமே இருக்காது. இதுங்கள யாரும் பிடிச்சு வைக்கல, அதுங்களா வருது, அதுங்களா போகுது. பைனாகுலர் இருந்தா ரெண்டு மணி நேரம் ஓடிடும். ஏரி வத்தின வருஷம் போகாதீங்க, பாக்க ஒண்ணும் இருக்காது.

இப்போ அந்த ஒரு ஸ்டார் விஷயம். காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் போயிடாதீங்க, ஊரே அங்கதான் இருக்கும், போலீஸ், தனி கவுண்டர்னு என்ன ஏற்பாடு பண்ணாலும் அந்த கூட்டத்துல பாக்க முடியறது முன்னாடி நிக்கறவரோட முதுகுதான். சாதாரண ஞாயித்துக்கிழமைலயே பெரியவங்க, படிச்சவங்க, நல்லா டிரஸ் பண்ணவங்க நின்னுட்டு புலிய பாத்து விசில் அடிக்கறாங்க, "ஏய் எழுந்திரு"ன்னு கத்தறாங்க, சிம்பன்ஸி உக்காந்து பாக்குது இவங்க குதிக்கறாங்க, எது ஷோன்னே புரியல. போர்டு வச்சிருக்காங்க, ஊழியர் வந்து சொல்றாங்க, அவர் திரும்பின உடனே மறுபடி. ஒரு அப்பா தன் குழந்தைய அகழி சுவர் மேல நிக்க வச்சு போட்டோ எடுத்தாரு, எனக்கு ஈரக்குல நடுங்கிடுச்சு, இறக்குங்கன்னு சொன்னா என்னையே முறைக்கறாரு. அதனாலதான் வாரநாள்ல போங்கன்னு தலையால அடிச்சுக்கறேன், ஸ்கூல்லருந்து பஸ்ல வர்ற பசங்க கூட இவங்கள விட ஒழுங்கு.

சரி, வண்டலூர் வேணாம் வேற எங்க போகலாம்னா என் ஓட்டு இசிஆர்ல வடநெம்மேலில இருக்கற முதலைப் பண்ணைக்கு. மகாபலிபுரம் போற வழி. ரோமுலஸ் விட்டேகர், ஜாய் விட்டேகர் எல்லாம் சேந்து 1976ல ஆரம்பிச்சது, அப்போ இந்தியால முதலை தோலுக்காக வேட்டையாடி அழிஞ்சுட்டிருந்துச்சு. நம்மூர் சதுப்புநில முதலை, உப்புநீர் முதலை, வடக்க இருக்கற மூக்கு நீண்ட கரியால் மூணையும் வளத்து எண்ணிக்கைய கூட்டணும்னுதான் தொடங்கினாங்க, சதுப்புநில முதலை போட்ட குட்டிங்கள வச்சுக்க இடம் இல்லாம போற அளவுக்கு அது ஜெயிச்சுது. உள்ள போனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வாய பொளந்துட்டு அசையாம கிடக்கும். வாய பொளக்கறது உடம்பு சூட்ட குறைக்க, நம்மள மிரட்ட இல்ல. பொம்மையான்னு செக் பண்ண கல்லு விடற ஆளுங்க இங்கயும் உண்டு. ஜாஸ் 3ன்னு ஒரு உப்புநீர் முதலை, இந்தியாவுல ஜூக்கள்ல இருக்கற பெரிய முதலைங்கள்ல ஒண்ணு, அது தண்ணிலருந்து தலைய தூக்கினா மொத்த கூட்டமும் ஒரு அடி பின்னாடி போகும், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்தாலும்.

அங்க எனக்கு முதலைய விட இருளர் கூட்டுறவு சங்கத்தோட விஷம் எடுக்கற இடம்தான் மனசுல நிக்குது. 1978லருந்து நடக்குது. பாம்புத்தோல் வியாபாரத்துக்கு தடை வந்த உடனே அத நம்பி இருந்த இருளர் குடும்பங்களுக்கு பொழப்பு போச்சு, அவங்களுக்கு தெரிஞ்ச அதே வித்தைய வச்சு பாம்ப கொல்லாம விஷம் எடுத்து விக்கற சங்கம் இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் மண்பானைல வச்சிருப்பாங்க, பானை வாய துணியால கட்டி. நாட்டுல பாம்புக்கடி மருந்து செய்ய இங்கருந்துதான் பெரிய அளவுல விஷம் போகுது, கொஞ்ச நாள் வச்சு எடுத்துட்டு பாம்ப திரும்ப காட்டுல விட்டுடறாங்க. இருளர் பாம்பு பிடிக்கறவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்த கை கொஞ்சம் கூட நடுங்காம கண்ணாடி விரியன கிளாஸ் விளிம்புல கடிக்க வைக்கறத பாத்துட்டு வெளில வந்து எங்க வீட்டுக்காரர் அரை மணி நேரம் பேசவே இல்ல, அதுக்காகவே அஞ்சு ஸ்டார்.

காட்டுல போய்தான் பாக்கணும்னு அடம் பிடிக்கறவங்க முதுமலை தெப்பக்காட்டுல வனத்துறை நடத்தற பஸ் சஃபாரில போங்க. எதிர்பாப்ப குறைச்சுக்கிட்டு போங்க. புள்ளிமான், மயில், செந்நாய்க் கூட்டம் ஒண்ணு ரோட்டோரமா, தூரத்துல யானையோட பின்பக்கம், இவ்ளோ பாத்ததே எனக்கு திருப்தி. புலி வரும்னு பக்கத்து சீட்டு ஆளு கடைசி வரைக்கும் எழுந்து நின்னுட்டே வந்தாரு, வரல. யானை முகாம்ல சாப்பாட்டு நேரத்துக்கு போனீங்கன்னா கேழ்வரகு, கொள்ளு, சோறு எல்லாம் பெரிய பெரிய உருண்டையா உருட்டி மாவுத்தர் நேரா வாய்க்குள்ள வைக்கறத பக்கத்துலருந்து பாக்கலாம், பசங்களுக்கு அதுவே போதும்.

ஆனா மசினகுடி பக்கம் "ராத்திரி ஜீப் சஃபாரி சார், கியாரண்டியா யானை காட்டறோம்"னு வர்ற ஆளுங்க கிட்ட மட்டும் போகாதீங்க. எங்க கூட வந்த சொந்தக்காரர் ஒருத்தர் யாரையும் கேக்காம புக் பண்ணிட்டாரு, நான் வேணாம்னு சண்டை போட்டேன், குழந்தைங்கள தனியா அனுப்ப மனசில்லாம ஏறினேன். அந்த ஜீப்காரர் பெரிய டார்ச்ச எடுத்து புதருக்குள்ள அடிக்கறாரு, குட்டியோட நின்ன பெண் யானை மேல நேரா லைட்டு, அது காத விரிச்சு ரெண்டடி முன்னாடி வந்துச்சு, இவரு "இன்னும் கிட்ட போலாமா"ங்கறாரு! நான் போட்ட சத்தத்துல ரிவர்ஸ் எடுத்தாரு, காசும் பாதி திரும்ப வரல. இது சட்டப்படியே தப்பு, ரேட்டிங் போட வழி இருந்தா மைனஸ்ல போட்டிருப்பேன். யானைங்க காலகாலமா போற வழி அது, அங்க முளைச்ச ரிசார்ட்டுங்கள எடுக்கணும்னு வந்த உத்தரவ 2020ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. அடுத்த ஜனவரிலயே அந்த ஊர்ல எரியற டயர யானை மேல வீசி, காது கருகி அது செத்தது எல்லார் போன்லயும் வீடியோவா வந்துச்சு. அந்த நிலைமைல இருக்கற யானைக்கு முன்னாடி போய் டார்ச் அடிக்கறதுக்கு நாம காசு குடுக்கணுமா?

வண்டலூர் போற வழி சொல்லிடறேன். எலக்ட்ரிக் ட்ரெயின்ல வண்டலூர்ல இறங்கினா ஆட்டோ, இல்லன்னா நடை. வெளியூர் பஸ்ல வர்றவங்களுக்கு இப்போ கிளாம்பாக்கம் ரொம்ப கிட்ட. டிக்கெட் ஆன்லைன்லயே போட்டுடுங்க, ரேட்டும் டைமும் அப்பப்ப மாறுது, அன்னிக்கு இருக்கறத அதுலயே பாத்துக்கோங்க. பிளாஸ்டிக் வாசல்லயே செக் பண்ணுவாங்க, ஸ்டீல் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு போங்க, நிறைய எடுத்துட்டு போங்க. புளிசாதம் கட்டிட்டு போறது உங்க தைரியம், மரத்தடில டப்பாவ திறக்கறதுக்கு முன்னாடி தலைக்கு மேல ஒரு தடவ பாருங்க. கைக்குழந்தைக்கு தள்ளுவண்டி கொண்டு போனா ரோடு நல்லாவே இருக்கு. வண்டலூருக்கு செவ்வாய்க்கிழமை லீவு, முதலைப் பண்ணைக்கு திங்கக்கிழமை லீவு, ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கலாம்னு பிளான் போடறவங்க தயவுசெஞ்சு என்ன கூப்பிடாதீங்க.